காரின் உள்விளக்கை எல்இடியாக மாற்றிய பிறகு முழுமையாக அணையவில்லை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 2016இல் வாங்கிய சிறிய ஹேட்ச்பேக் கார் ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். தஞ்சாவூரில் வசிக்கிறோம். 74 வயதான அம்மாவை மாதம் இரண்டு முறையாவது திருச்சியில் மருத்துவரிடம் காட்டிவிட்டு இரவில் வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. கதவைத் திறந்தவுடன் எரியும் கூரை விளக்கின் மங்கலான மஞ்சள் வெளிச்சத்தில் சீட் பெல்ட்டின் கொக்கியைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடிவதில்லை. மாத்திரை அட்டையில் உள்ள பெயரைப் படிப்பதற்கு நான் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே சென்ற மாதம் கார் அலங்காரப் பொருள் விற்கும் ஒரு கடையில், முன்னால் உள்ள விளக்கிலும் நடுவில் உள்ள விளக்கிலும் எல்இடி பல்பு மாட்டிக்கொண்டேன். வெளிச்சம் பல மடங்கு கூடியது உண்மைதான். ஆனால் நான்கு குறைகள் தெரிகின்றன. ஒன்று, கதவுகளை எல்லாம் மூடிப் பூட்டிய பிறகும் இரண்டு விளக்குகளும் மின்மினிபோல மெல்லிதாக எரிந்துகொண்டே இருக்கின்றன. இரண்டு, முன்பு கதவை மூடினால் விளக்கு மெதுவாக மங்கி அணையும். இப்போது துடிதுடித்து அணைகிறது. மூன்று, வேகத்தடையில் ஏறி இறங்கினால் நடு விளக்கு சில சமயம் தானாகவே அணைந்துவிடுகிறது. நான்கு, ஓடும் வண்டியில் அம்மாவுக்காக விளக்கைப் போட்டால், நீலம் கலந்த அந்த வெண்மை கண்ணைக் கூசச் செய்து, அணைத்த பிறகும் சிறிது நேரத்துக்குச் சாலை சரியாகத் தெரிவதில்லை.

இரவு முழுவதும் இப்படி மினுங்கினால் பேட்டரி இறங்கிவிடுமா? இதை நானே வீட்டில் சரிசெய்ய முடியுமா? மின்வேலை எனக்குப் பழக்கமில்லை. ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.


மறுமொழி 1

வணக்கம் நண்பரே. உங்கள் நான்கு குறைகளில் இரண்டு, பல்பைத் தேர்ந்தெடுத்ததில் நேர்ந்தவை. அவற்றை நீங்களே அரை மணி நேரத்தில் தீர்த்துவிடலாம் என்பதால் அவற்றை முதலில் சொல்கிறேன்.

வேகத்தடையில் அணைவது அளவுக் கோளாறு. கார்களின் கூரை விளக்கில் பெரும்பாலும் இரண்டு வகை பல்புகள்தான் இருக்கும். ஒன்று, சின்னக் கண்ணாடிக் குழாயின் இரு முனையிலும் உலோகத் தொப்பி வைத்தது, ஃபெஸ்டூன் என்பார்கள். மற்றது, தொப்பியே இல்லாமல் கண்ணாடியின் தட்டையான அடிப்பகுதியை ஹோல்டரில் செருகும் வகை. கடையில் டி10 என்று கேட்டால் கொடுப்பார்கள். ஃபெஸ்டூன் வகை 31, 36, 39, 41 மில்லிமீட்டர் எனப் பல நீளங்களில் வருகிறது. 36 மில்லிமீட்டருக்கான இடத்தில் 31 மில்லிமீட்டர் பல்பைப் பொருத்த, கடையில் பல்பை இரு பக்கமும் பிடிக்கும் தகடுகளை உள்பக்கமாக வளைத்துவிடுவார்கள். அன்றைக்கு எரியும், குலுக்கலில் தொடர்பு விட்டுப்போகும். மேலும், வளைத்த தகட்டின் விறைப்பு போய்விட்டால் பிறகு சரியான பல்பைப் போட்டாலும் தளர்வாகவே நிற்கும். கடையில் கழற்றிய பழைய பல்பைத் திரும்ப வாங்கி வந்திருந்தீர்களானால், அதன் ஒரு தொப்பியின் நுனியிலிருந்து மறு தொப்பியின் நுனிவரை அடிக்கோலால் அளந்து பாருங்கள். தொப்பியிலேயே 12 வோல்ட் 5 வாட் என்றோ 10 வாட் என்றோ பொறித்திருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கண் கூசுவது நிறத்தால் நேர்வது. உள்ளே கம்பி இழை சூடாகி எரியும் பழைய இழை பல்பின் ஒளி, நிறத்தைக் குறிக்கும் அளவில் சுமார் 2,700 கெல்வின், அதாவது விளக்கு வைத்த வீட்டின் மஞ்சள். கடைகளில் கூல் ஒயிட் என்று விற்பது 6,000 கெல்வினும் அதற்கு மேலும் இருக்கும். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடியின்மேல் பாஸ்பர் என்னும் மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசியது. திறன்மிக்க நீல எல்இடியை உருவாக்கியதற்குத்தான் 2014இல் அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கெல்வின் எண் ஏற ஏற ஒளியில் நீலத்தின் பங்கு கூடும். இருளுக்குப் பழகிய கண்ணை அதிகமாகக் கெடுப்பதும் அந்த நீலம்தான். இருளுக்குக் கண் முழுமையாகப் பழக ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். பளீரென்ற நீல வெண்மை ஒரு நொடியில் அதைக் கலைத்துவிடும். தஞ்சாவூர்–திருச்சிச் சாலையில் எதிரே வரும் முகப்பு விளக்குகளே போதுமான தொந்தரவு. வண்டிக்குள்ளும் நாமே அதைச் செய்துகொள்ள வேண்டாம். வார்ம் ஒயிட் என்று கேட்டு, 3,000 கெல்வின் அளவில், அரை வாட் முதல் ஒரு வாட் வரை எடுக்கும் பல்பை வாங்குங்கள். பல்பில் எத்தனை எல்இடி சில்லுகள் பதித்திருக்கிறது என்று எண்ணி, அதிகம் உள்ளதே உயர்ந்தது என்று வாங்குவது பெரும் தவறு. அம்மாவுக்கு வேண்டியது பெல்ட்டின் கொக்கியும் மாத்திரையின் பெயரும் தெரியும் வெளிச்சம். அறுவை அரங்கின் வெளிச்சம் அல்ல.

சென்னைப் பக்கம் போகும் வேலை இருந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் நிறம் பார்த்து வாங்கலாம். பழைய பல்பைக் கையில் கொண்டுபோய், எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கழற்றும் முறை: முதலில் ஃபியூஸ் பெட்டியின் மூடியில் உள்ள படத்தைப் பார்த்து, உள்விளக்குக்கான ஃபியூஸை உருவிவிடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. பல கார்களில் கூரை விளக்குக்குப் பாசிட்டிவ் மின்சாரம் எந்நேரமும் வந்துகொண்டிருக்கும். கதவிலுள்ள சுவிட்ச் எர்த் பக்கத்தை, அதாவது வண்டியின் இரும்பு உடலோடு சேரும் நெகட்டிவ் பக்கத்தை மட்டுமே இணைத்துத் துண்டிக்கும். விளக்கு அணைந்திருக்கிறது என்று நம்பி ஸ்க்ரூடிரைவரை நுழைத்தால், அது தகட்டையும் கூரையின் இரும்பையும் ஒருசேரத் தொட்ட நொடியில் ஃபியூஸ் போய்விடும். அதே ஃபியூஸில் கடிகாரமும் மியூசிக் சிஸ்டத்தின் நினைவகமும் இருப்பதுண்டு. உங்கள் மியூசிக் சிஸ்டம் ரகசிய எண் கேட்கும் வகையானால், அந்த எண்ணைத் தேடி எடுத்து வைத்துக்கொண்ட பிறகே ஃபியூஸில் கை வையுங்கள். போன ஃபியூஸுக்குப் பதிலாக அதே ஆம்பியர் உள்ளதையே போட வேண்டும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15 ஆம்பியர்.

மூடியின் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் நுழையும் சிறு பள்ளம் இருக்கும். நுனியில் துணியையோ டேப்பையோ சுற்றிக்கொண்டு மெல்ல நெம்பினால் மூடி வந்துவிடும். காலை வெயிலேறும் முன்பே நெம்பி, மூடியின் கொக்கியை முறித்துவிடாதீர்கள். சற்று வெதுவெதுப்பான பிளாஸ்டிக் வளையும், குளிர்ந்தது ஒடியும். பழைய இழை பல்பாக இருந்தால் எரிந்து அணைந்தவுடன் தொடக் கூடாது, தோல் பொசுங்கும். புதிய பல்பை மாட்டிய பிறகு எரியவில்லையென்றால் பழுது என்று முடிவுசெய்யாமல் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இழை பல்புக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் பேதம் கிடையாது, எல்இடிக்கு உண்டு. சில்லுகள் பதித்த பக்கம் மூடியைப் பார்த்து, அதாவது கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

மினுங்குவதைப் பற்றி என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களே சொல்லட்டும்.


மறுமொழி 2

நான் மாறான கருத்தைச் சொல்கிறேன். பழைய காரின் விளக்கு மங்கலாக இருப்பதற்குப் பல சமயம் பல்பு காரணமல்ல. மூடியின் உள்பக்கம் பல ஆண்டுத் தூசியும் பூச்சியும் படிந்து, பிளாஸ்டிக்கும் மஞ்சளித்துப் போயிருக்கும். இழை பல்பின் கண்ணாடியும் உள்ளே கறுத்திருக்கும். மூடியைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, அதே 5 வாட் இழை பல்பைப் புதிதாகப் போட்டு, ஒரு வாரம் பாருங்கள். உங்கள் குறைகள் நான்கும் ஒரே நேரத்தில் போய்விடும், செலவும் மிகக் குறைவு. வெளிச்சம் போதவில்லை என்று 5 வாட் இடத்தில் 10 வாட் இழை பல்பை மட்டும் போட்டுவிடாதீர்கள். சூட்டில் மூடி உருகி வழிந்ததை என் சொந்த வண்டியிலேயே கண்டிருக்கிறேன்.


மறுமொழி 3

கோவையில் வாகன மின்வேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். மேலே சொன்ன இருவரின் சொல்லும் சரியே. ஆனால் எல்இடியைக் கைவிட வேண்டிய அவசியமில்லை. கதவு மறந்துபோய்த் திறந்திருந்தால் அது பேட்டரியைக் காப்பாற்றும். இரண்டு 5 வாட் இழை பல்புகள் பத்து மணி நேரம் எரிந்தால் எட்டு ஆம்பியர் மணிக்கு மேல் செலவாகும். 35 ஆம்பியர் மணி பேட்டரியில் அது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. பேட்டரி பழையதானால் காலையில் செல்ஃப் எடுக்காது. ஒரு வாட் எல்இடி இரண்டு என்றால் அதே பத்து மணி நேரத்தில் இரண்டு ஆம்பியர் மணிகூட ஆகாது.

இனி உங்கள் மினுக்கம். விளக்கு மெதுவாக மங்கி அணைகிறது என்று எழுதியிருப்பதால், அதை இயக்குவது சாதாரணக் கதவு சுவிட்ச் அல்ல, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி என்பது தெரிகிறது. அந்தப் பெட்டி, அணைத்த நிலையிலும் சில மில்லியாம்பியர் மின்சாரத்தைக் கசியவிடும். இழை பல்பின் தடை மிகக் குறைவாகையால் அந்தக் கசிவில் இழை சூடுகூட ஆகாது. எல்இடியோ அந்தக் கொஞ்சத்தையும் ஒளியாக்கிக் காட்டிவிடுகிறது. ஆக, பழைய பல்பு இருந்தபோதும் இந்தக் கசிவு இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. ஐந்து மில்லியாம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரம் முழுவதற்கும் ஓர் ஆம்பியர் மணிக்குக் குறைவாகத்தான் வரும். பேட்டரியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

துடிதுடித்து அணைவதற்கும் அதே பெட்டிதான் காரணம். அது மின்னழுத்தத்தைக் குறைத்து மங்கச் செய்வதில்லை; மின்சாரத்தை நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டுக் கொடுத்து மங்கச் செய்கிறது. இழை சூடாக இருப்பதால் அந்த விட்டுவிடும் இடைவெளி தெரியாது, எல்இடியில் தெரியும். தரமான பல்பில் இது குறையும், முற்றிலும் போகும் என்று உறுதி கூற மாட்டேன். எஞ்சின் ஓடும்போது வரும் 14 வோல்ட்டைத் தாங்கி, மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் டிரைவர் என்னும் சிறு மின்சுற்று உள்ள பல்பையே வாங்குங்கள். வெறும் ரெசிஸ்டர் (மின்தடை) மட்டும் வைத்த மலிவான பல்புகள் சில மாதங்களில் ஒவ்வொரு சில்லாக அணைந்துபோகும். மோசமான டிரைவர் உள்ளவை எஃப்எம் வானொலியில் இரைச்சலைக் கிளப்பும். மாட்டியவுடன் வானொலியையும் போட்டுப் பாருங்கள்.

மினுக்கத்தை நிறுத்த, பல்புக்குப் பக்கவாட்டில், இரு தகடுகளுக்கும் இடையே ஒரு கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றை ஈயத்தால் (சால்டரிங்) பற்றவைப்பது வழக்கம். ஐந்து மில்லியாம்பியர் கசிவு அதன் வழியே போனால் ஐந்து வோல்ட்தான் உருவாகும். மூன்று எல்இடிகள் தொடராக இருக்கும் பல்பு எரிவதற்கு அது போதாது. விளக்கு எரியும்போது அந்த ரெசிஸ்டரில் வீணாவது 0.2 வாட் மட்டுமே. சூடு பிரச்சினை இல்லை. இண்டிகேட்டருக்கு விற்கும் பெரிய உலோக உறை ரெசிஸ்டரைக் கூரைத் துணிக்குள் வைத்துவிடாதீர்கள், அது தொட முடியாத அளவுக்குச் சூடாகும்.

பற்றவைப்பு பழக்கமில்லை என்பதால் இதைவிட எளிய வழி ஒன்று. விளக்கின் சுவிட்ச், கதவைத் திறந்தால் எரியும் நிலையில் இருக்கும்போது முன் விளக்கும் நடு விளக்கும் ஒரே இணைப்பில் இருந்தால், இரண்டில் ஒன்றில் பழைய இழை பல்பையே விட்டுவிடுங்கள். அந்த இழையே கசிவை விழுங்கிவிடும், மற்றொன்றில் உள்ள எல்இடி முழுமையாக அணையும். எந்த இடத்தில் வெளிச்சம் அதிகம் வேண்டுமோ அங்கே எல்இடி. உங்கள் வீட்டுக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம்.

ஒரே ஒரு எச்சரிக்கை: கூரைத் துணியைக் கதவோரமாக இழுத்துப் பிரிக்காதீர்கள். பக்கவாட்டில் திரைபோல விரியும் (கர்ட்டன்) ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது அங்கேதான் மடித்து வைக்கப்பட்டிருக்கும்.


கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து முடித்துவிட்டேன். பழைய பல்பை அளந்தபோது 36 மில்லிமீட்டர். கடையில் மாட்டியிருந்தது 31 மில்லிமீட்டர். தகடுகள் இரண்டும் உள்பக்கம் வளைந்திருந்தன, மூக்குக் குறடால் மெல்ல நிமிர்த்தினேன். மறுமொழி 2இல் சொன்னபடி மூடிகளைக் கழுவியதில், நீரே பழுப்பாகிவிட்டது. முன்னால் பழைய இழை பல்பு, அம்மா அமரும் பின் இருக்கைக்கு மேலுள்ள நடு விளக்கில் ஒரு வாட் வார்ம் ஒயிட் எல்இடி எனப் பொருத்தினேன். முதலில் எரியவில்லை, திருப்பிப் போட்டதும் எரிந்தது. கதவை மூடினால் இப்போது முழுமையாக அணைகிறது. அணையும்போது மிகச் சிறிய துடிப்பு மிச்சமிருக்கிறது, அது எனக்குப் பொருட்டல்ல. அம்மா மாத்திரை அட்டையைத் தாமே படித்துக் காட்டினார்.

இன்னும் ஒரே ஐயம். இறங்கும்போது கால் வைக்கும் இடம் இருட்டாகவே இருக்கிறது. கதவின் அடியில், பேட்டரியில் இயங்கும் ஒட்டு விளக்கு ஒன்றை வைக்கலாமா?


மறுமொழி 3

லித்தியம் பேட்டரி உள்ள எதையும் வண்டிக்குள் நிரந்தரமாக ஒட்டி வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியின் உள்ளே ஏறும் சூடு அந்த பேட்டரிக்கு ஆகாது. இருக்கைக்கு அடியில், தரையை நோக்கி அரை வாட் விளக்கு ஒன்றை, கூரை விளக்கு எரியும்போது தானும் எரியும்படி, தனி ஃபியூஸுடன் இணைக்கலாம். வயரை உரித்து முறுக்கி டேப் சுற்றும் வேலை மட்டும் வேண்டாம். ஃபியூஸ் பெட்டியிலேயே செருகக்கூடிய கிளை இணைப்பான் கிடைக்கிறது. இதை நீங்களே செய்ய வேண்டாம் ஐயா. உள்ளூரில் நம்பகமான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம், கட்டுப்பாட்டுப் பெட்டியுள்ள வண்டி என்பதை முதலிலேயே சொல்லிச் செய்துகொள்ளுங்கள்.