அம்மாவுடன் முதல் நெடுந்தூர ரயில் பயணம்: எந்த பெர்த் எடுப்பது?

வெண்முகில்:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் நானும் அம்மாவும் ரயிலில் இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் போகப்போகிறோம். எனக்கும் இதுதான் முதல் தடவை. இதுவரை சில மணி நேரம் உட்கார்ந்து போனதோடு சரி, ரயிலில் படுத்துத் தூங்கியதே இல்லை. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. முழங்கால் வலி உண்டு, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். காரில் வளைவான பாதையில் போனால் குமட்டிக்கொண்டு வரும். விமானத்தில் போய்விடலாமே என்றால் கேட்கமாட்டேன் என்கிறார். ஜன்னலோரம் உட்கார்ந்து வழி நெடுகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆசை.

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. மூன்று அடுக்குப் படுக்கை, இடத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆட்டம் குறைவாக இருக்கும் இடம் எது? அம்மாவுக்குத் தூக்கம் வருமா? "அவ்வளவு வேகத்தில் போகும்போது நம் பெட்டி மட்டும் கழன்றுகொண்டால் என்ன ஆகும்?" என்று வேறு கேட்கிறார். தயவுசெய்து சிரிக்காதீர்கள், அவருக்கு நிஜமாகவே பயம். இன்னொன்று, நாங்கள் இறங்கும் ஸ்டேஷன் கடைசி ஸ்டேஷன் இல்லை. வண்டி அங்கே விடியற்காலையில் போகிறது. தூங்கிப்போய்விட்டால்?

பழைய பட்டறை:

அம்மாவின் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அது நல்ல கேள்வி, சிரிக்க அதில் ஒன்றுமே இல்லை. நான் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெட்டிக்கு அடியில்தான் என் பாதி ஆயுள் போயிருக்கிறது.

ரயிலின் பிரேக் காற்றில் வேலை செய்வது. எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஒரு குழாய் போகும், அதில் அழுத்தமாகக் காற்று நிரம்பியிருக்கும். குழாயில் காற்று இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். காற்று இறங்கினால் பிரேக் பிடித்துக்கொள்ளும். பலர் இதை நேர்மாறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெட்டி கழன்றுகொண்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தில் குழாயும் பிரிந்து காற்று வெளியேறிவிடும். உடனே முன்பாதியும் பின்பாதியும் தாமாகவே பிரேக் பிடித்து நின்றுவிடும். யாரும் ஓடிப்போய் எதையும் இழுக்க வேண்டியதில்லை. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1870-களில் கொண்டுவந்த ஏற்பாடு இது. எத்தனையோ மாற்றங்கள் வந்தும் அடிப்படை இன்றும் அதுதான். வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போது அடியிலிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதுதான் அந்தக் காற்று என்று அம்மாவிடம் காட்டுங்கள். கண்ணால் பார்க்காவிட்டாலும் காதால் கேட்டுவிட்டால் பயம் பாதி போய்விடும்.

அப்புறம் ஆட்டம். நேரான பாதையில் போகும்போதும் பெட்டி இடமும் வலமுமாக லேசாக அசையும். அது கோளாறு இல்லை. சக்கரத்தில் தண்டவாளத்தின் மேல் உருளும் பகுதி தட்டையாக இருக்காது. 20-க்கு 1 என்ற மாதிரி ஒரு சரிவு வைத்துத்தான் கடைசல் பிடிப்போம். சக்கரம் ஒரு பக்கமாக நகர்ந்தால் அந்தச் சரிவே அதைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவரும். கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று வண்டி தன்னை நேர்ப்படுத்திக்கொண்டே ஓடுகிறது. வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்திப் போட்டிருப்பார்கள். அதனால் வண்டி வளைவில் நின்றுவிட்டால் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கும், மேஜையில் வைத்த தண்ணீர் பாட்டில் கூட நகரும். அப்போதும் பயப்பட வேண்டாம்.

சரி, பெர்த். பெரும்பாலான பெட்டிகள் இரண்டு போகிகளின் மேல், அதாவது சக்கரங்கள் பூட்டிய இரண்டு சட்டங்களின் மேல், உட்கார்ந்திருக்கும், இந்த முனைப்பக்கம் ஒன்று, அந்த முனைப்பக்கம் ஒன்று. சக்கரங்கள் அங்கேதான் இருக்கின்றன. தண்டவாளம் கொடுக்கும் அதிர்ச்சி முதலில் ஏறுவதும் அங்கேதான். பெட்டியின் நடுவில் அது நன்றாகக் குறைந்துவிடும். முனையில் வேறு தொல்லைகளும் உண்டு. கதவு அடிக்கும், கழிப்பறைக்குப் போகிறவர்கள் இரவெல்லாம் நடப்பார்கள், வாசல் வெளிச்சம் முகத்தில் விழும். அதனால் பெட்டியின் நடுப்பகுதியைத் தேடுங்கள். கால் வலிக்கிறவருக்குக் கழிப்பறை பக்கத்தில் இருந்தால் நல்லது என்று சிலர் சொல்வார்கள். என்னைக் கேட்டால், பத்து எட்டு கூடுதலாக நடப்பதே மேல். இரண்டு இரவு சரியாகத் தூங்காமல் போனால் முழங்கால் வலி இன்னும் கூடும்.

அம்மாவுக்குக் கீழ் பெர்த்தான், அதில் மறுபேச்சு வேண்டாம். மரம் அசையும்போது உச்சிதானே அதிகம் ஆடும், பெட்டியும் அப்படித்தான். ஏறி இறங்கும் சிரமமும் இல்லை, பகலில் ஜன்னலும் அவர் கைக்குள் இருக்கும்.

இறங்கும் ஸ்டேஷன் விஷயம். அலாரம் வையுங்கள், ஆனால் வண்டி தாமதமானால் அலாரத்தால் பிரயோஜனம் இல்லை. எதிர் வண்டிக்கு வழி விட நின்றால் கால் மணி, அரை மணி சாதாரணமாகப் போகும். அந்தப் பகுதியின் வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் எங்கே போகிறோம் என்று தெரியும், அலாரத்தை அதற்கேற்றபடி தள்ளிவைக்கலாம். காதாலும் கண்டுபிடிக்கலாம். இப்போது பெரும்பாலும் தண்டவாளங்களைப் பற்றவைத்து நீளமாக்கிவிட்டார்கள், அந்தக் காலத்து 'தடக் தடக்' குறைந்துவிட்டது. பாதை மாறும் இடங்களில் மட்டும் சக்கரம் இடைவெளியைத் தாண்டும், 'தடதட'வென்று சத்தம் வரும். வேகம் குறைந்து அந்தச் சத்தமும் கேட்டால் ஏதோ ஒரு ஸ்டேஷன் நெருங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரவுப்பணி:

நான் நர்ஸ். பெரியவர் மேலே சொன்னதெல்லாம் அருமை. உடம்பு சம்பந்தமாகக் கொஞ்சம் நானும் சொல்கிறேன்.

வயதானவர்கள் பயணத்தில் செய்யும் ஒரு காரியம் எனக்கு எப்போதும் கவலை தரும். கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். அதனால் மலச்சிக்கல், சிறுநீர்க் கடுப்பு, எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் எல்லாம் வரும். ஓடும் ரயிலில் தலைசுற்றி விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். "அம்மா, நீங்கள் தாராளமாகத் தண்ணீர் குடியுங்கள், எத்தனை தடவையானாலும் நான் கூட வருகிறேன்" என்று முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். தொந்தரவு கொடுக்கிறோமோ என்ற கூச்சத்தில்தான் பல அம்மாக்கள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. விமானம், பஸ், கார், ரயில் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வாய்ப்பு மிகச் சிறியது, பயப்படத் தேவையில்லை. ரயிலில் எழுந்து நடக்கலாம், கால் நீட்டிப் படுக்கலாம், அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மணிக்கு ஒருமுறை நடை, உட்கார்ந்திருக்கும்போது குதிகாலை ஏற்றி இறக்குவது, இது போதும். காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் அலட்சியம் செய்யாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

குமட்டல் வருகிறவர் வண்டி போகும் திசையைப் பார்த்து உட்கார வேண்டும். பக்கத்தில் விரையும் கம்பங்களைப் பார்க்காமல் தூரத்தில் இருப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். போனில் படிப்பது கூடாது. அதிகமாகிவிட்டால் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வதுதான் மருந்து. வாந்திக்கான மாத்திரை வேண்டுமென்றால் பிரஷர் மாத்திரையையும் சொல்லி டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள், சிலவற்றில் தூக்கக் கலக்கம் அதிகம். மாத்திரைகள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், சீட்டுக்கு அடியில் தள்ளிய பெட்டிக்குள் வேண்டாம்.

வெண்முகில்:

இருவருக்கும் ரொம்ப நன்றி. பிரேக் விஷயத்தை அம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். திரும்ப ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்போ சரி, டிக்கெட் போடு" என்றார். நடுப்பகுதியில் அவருக்குக் கீழ் பெர்த் கிடைத்துவிட்டது. அதற்கு நேர் மேலே நடு பெர்த்தும், அதற்கும் மேலே மேல் பெர்த்தும் காலியாக இருக்கின்றன. நான் எதை எடுக்கட்டும்? ஐயா, கழிப்பறைக்கு அழைத்துப் போகும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

பழைய பட்டறை:

நடு பெர்த்தையே எடுங்கள். அம்மா மெல்லக் கூப்பிட்டாலே கேட்கும், இறங்குவதும் சுலபம். மேலே படுத்தால் ஏசி காற்றும் விளக்கும் முகத்துக்கு நேராக இருக்கும், அவர் கூப்பிடுவதும் சரியாகக் கேட்காது.

கழிப்பறைக்குப் போகும்போது முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கதவு. அந்தக் கதவுகள் கனமானவை, வண்டி பிரேக் பிடித்தால் தானே வந்து சாத்திக்கொள்ளும். ஆட்டத்தில் பிடிமானம் தேடுகிறவர்கள் கதவுநிலையைத்தான் பிடிப்பார்கள், கீல் பக்கம் விரல் நசுங்குவது அப்படித்தான். கதவுநிலையில் கை வைக்காமல் சுவரில் உள்ள கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அவர் உள்ளே போய்க் கம்பியைப் பிடித்த பிறகு விடுங்கள். வழுக்காத செருப்பு, பின்பட்டி உள்ளதாக இருக்கட்டும். இரண்டு பெட்டிகளைச் சேர்க்கும் இடத்தில் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று நகர்ந்துகொண்டே இருக்கும், அங்கே அவரை நிற்கவிடாதீர்கள்.

வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போதும், ஸ்டேஷனுக்குள் நுழையும்போதும் நடக்க வேண்டாம். பாதை மாறுவதும் வேகம் மாறுவதும் அப்போதுதான், ஆட்டமும் அப்போதுதான் அதிகம். கிளம்பி வேகம் பிடித்த பிறகு எழுந்தால் போதும். இறங்கும் ஸ்டேஷனுக்கும் இதுதான் கணக்கு. அரை மணி முன்பே சாமானைக் கட்டி வைத்துவிட்டு அம்மாவை உட்கார வையுங்கள். உங்கள் ஸ்டேஷனில் வண்டி எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஏறும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் என்றால் வண்டி நின்ற பிறகு நடந்து போகலாம். ஒன்றிரண்டு நிமிடம்தான் என்றால் வண்டி வேகம் குறைக்கும் முன்பே வாசலுக்குப் பக்கத்து இருக்கைக்கு அவரை அழைத்துப் போய்விடுங்கள். அந்த நேரத்தில் யாரும் இடம் கொடுக்க மறுக்கமாட்டார்கள்.