ஸ்கை வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா? கனடாவின் கால்கரிக்குப் போன சேலத்துத் தம்பிக்கு

தம்பி, ஆபீஸ் நண்பர்கள் பனிச்சறுக்குக்குக் கூப்பிடுகிறார்கள், பழைய ஸ்கை செட் (காலில் மாட்டிச் சறுக்கும் நீளப் பலகைகள்) ஒன்று சல்லிசாக வருகிறது, வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. முதல் சீசனுக்கு வாடகையே போதும்.

காரணம் பைண்டிங். பூட்ஸை ஸ்கையோடு பிடித்திருக்கும் பூட்டு அது. ஏடாகூடமாக விழுந்தால் தானாகக் கழல வேண்டும். எவ்வளவு விசைக்குக் கழல வேண்டும் என்பதை உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், ஓட்டும் விதம் எல்லாம் பார்த்துக் கடைக்காரர் வைப்பார். பழைய செட்டில் இருப்பது முந்தைய ஆளுக்கு வைத்த அளவு. ரொம்பப் பழைய பைண்டிங் என்றால் கடைகள் தொடவே மறுத்துவிடும். வாடகைப் படிவத்தில் கெத்துக்காக 'நன்றாக ஓட்டுவேன்' என்று டிக் அடிக்காதீர்கள். பூட்டு இறுகிவிடும், கழல வேண்டிய நேரத்தில் கழலாது, முழங்கால் ஜவ்வு போய்விடும்.

பூட்ஸுக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை முன்னால் மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் எழும்பவே கூடாது. 'கொஞ்சம் லூஸா இருக்கட்டும்' என்கிற நம்ம ஊர்ச் செருப்புக்கடைப் பழக்கம் இங்கே உதவாது. சாக்ஸ் மெல்லிசாக ஒரே ஜோடி. ரெண்டு ஜோடி போட்டால் ரத்த ஓட்டம் நெருக்கப்பட்டுக் கால் இன்னும் விறைக்கும்.

அம்மா பெட்டியில் வைத்துவிட்ட ஸ்வெட்டரும் மப்ளரும் ஏற்காட்டுக்குச் சரி. கால்கரிக் குளிரில் ஜீன்ஸும் பருத்தி பனியனும் வேர்வையிலும் பனியிலும் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும், சூடே நிற்காது. உள்ளே தெர்மல், மேலே நீர் புகாத ஜாக்கெட், பேண்ட். தொங்கும் மப்ளர், மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் நாற்காலியில் மாட்டிக்கொள்ளும், அறையிலேயே விட்டுவிடுங்கள். ஹெல்மெட்டும் வாடகைக்குக் கிடைக்கும். சைக்கிள் ஹெல்மெட்டை வைத்துச் சமாளிக்க வேண்டாம்.

சரி, சரிவுக்கு வருவோம். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவிலும் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழி விட வேண்டும், இல்லையா? பனியிலும் மேலிருந்து வருகிறவருக்குத்தான் பொறுப்பு. முன்னால் போகிறவர் எப்படித் திரும்பினாலும் மோதாமல் விலகுவது உங்கள் வேலை. ஒரே வித்தியாசம், ஹாரன் கிடையாது. மூச்சு வாங்க நிற்பதென்றால் ஓரமாக, மேலிருந்து வருகிறவர் கண்ணில் படும்படி நில்லுங்கள்.

கனடாவில் ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு குறி உண்டு: பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். நண்பர்கள் 'ஒண்ணும் ஆகாது வாடா' என்று நேராக நீலத்துக்கு இழுப்பார்கள். போகாதீர்கள். 1988 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்த கனடா ஒலிம்பிக் பார்க் கால்கரிக்குள்ளேயே இருக்கிறது. அங்கே பயிற்சியாளரிடம் ஒரு வகுப்பு எடுத்து, நிற்கக் கற்றுக்கொண்டு, அப்புறம் பான்ஃப் மலைப் பக்கம் போகலாம். கயிறு கட்டி மூடிய பகுதிக்குள் தடம் தெரிந்தாலும் நுழையக் கூடாது. பனி சரிந்து விழும் ஆபத்துக்காகவும் மூடியிருப்பார்கள்.

இன்னொன்று: ஆல்பர்ட்டா அரசு மருத்துவக் காப்பீட்டில் ஆம்புலன்ஸ் செலவு சேராது. உங்கள் ஆபீஸ் காப்பீட்டில் இருக்கிறதா என்று எச்.ஆரிடம் கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.