ஆலோசனை அமர்வில் நகைச்சுவை: எதுவரை போகலாம்?

கேள்வி

விளையாட்டு உளவியல் படித்துவிட்டுத் தடகளக் குழு ஒன்றுடன் பணியாற்றத் தொடங்கியிருக்கிறேன். போட்டிக்கு முன்பு இறுகிப்போய் நிற்கும் வீரர்களை ஒரு வேடிக்கைப் பேச்சு தளர்த்துவதைக் காண்கிறேன். ஆனால் காயத்திலிருந்து மீண்டுவருபவர்களிடம் அதே பேச்சு அவர்களுடைய வலியைச் சிறுமைப்படுத்துவதாகத் தோன்றிவிடுமோ என்று தயங்குகிறேன். அனுபவமுள்ளவர்கள் எல்லையை எப்படி வகுக்கிறீர்கள்?

மறுமொழி 1

உளவியலாளர் ராட் மார்ட்டினும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட வினாத்தாள் நகைச்சுவையை நான்காகப் பிரிக்கிறது: பிறரோடு நெருக்கம் வளர்ப்பது, தன்னைத் தேற்றிக்கொள்வது, பிறரைத் தாக்குவது, தன்னையே தாழ்த்திக்கொள்வது. நமக்கு உதவுபவை முதல் இரண்டும்தான். உடைமாற்றும் அறையில் புழங்கும் கேலியில் மூன்றாவது வகையே மிகுதி. நாமும் அதில் சேர்ந்து சிரித்தால், கேலிக்கு ஆளானவர் அதன்பின் நம்மிடம் மனம் திறக்கமாட்டார்.

மறுமொழி 2

சிரிக்கவைப்பவர் யார் என்பதையும் பாருங்கள். 1989 ஜனவரியில் நடந்த, அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில், மூன்று நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலான நேரம் எஞ்சியிருக்க, சான்பிரான்சிஸ்கோ அணி மூன்று புள்ளிகள் பின்தங்கி, 92 கெஜம் கடக்க வேண்டிய நிலையில் நின்றது. அப்போது அந்த அணியின் ஆட்டத்தை வழிநடத்திய வீரர் ஜோ மொன்டானா, பார்வையாளர் கூட்டத்தில் நகைச்சுவை நடிகர் ஜான் கேண்டி இருப்பதைச் சக வீரருக்குச் சுட்டிக்காட்டினார். அணி 20-16 என வென்றது. வெற்றிக்கு அந்தப் பேச்சே காரணம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆயினும், அதே நெருக்கடியைச் சுமந்து நின்றவரே அப்படிப் பேசியதால், அவருடைய நிதானம் மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும். வெளியே நிற்கும் உளவியலாளர் சொல்லியிருந்தால் எரிச்சலே மிஞ்சியிருக்கும்.

எனவே போட்டி நாளில் நான் வேடிக்கை பேசுவதில்லை. எது தம்மைச் சிரிக்கவைக்கிறது என்பதை முந்தைய அமர்வுகளிலேயே வீரரைச் சொல்லவைத்து, அதை அவருடைய ஆயத்த முறையில் சேர்த்துவிடுகிறேன். எல்லாருக்கும் தளர்வு தேவைப்படுவதில்லை என்பதையும் மறக்கலாகாது: விளையாட்டு உளவியலாளர் யூரி ஹானின் விளக்கியபடி, சிறப்பாக ஆடுவதற்கு ஏற்ற பதற்றத்தின் அளவே ஆளுக்கு ஆள் மாறும். கொதிப்போடு ஓடினால்தான் வேகம் வரும் என்றிருப்பவரைச் சிரிக்கவைப்பது அவருக்குக் கெடுதலாகவே முடியலாம்.

மறுமொழி 3

காயமடைந்தவர்களைப் பொறுத்தவரை, அவர்கள் சொல்லும் நகைச்சுவையைத்தான் நான் முதலில் கவனிப்பேன். "இந்த முழங்காலை இனி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம்" என்று ஒருவர் சிரித்தபடி சொன்னால், உடன் சிரித்துக் கடந்துவிடாமல், மீண்டும் களமிறங்குவது குறித்து அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்பேன். பெரும்பாலும் அச்சம் அதற்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும். மாறாக, இயன்முறைச் சிகிச்சையின் அலுப்பைப் பற்றி அவரே நக்கலடித்தால் தாராளமாகச் சேர்ந்துகொள்ளலாம். காயத்தைப் பற்றிய வேடிக்கையை மட்டும் நாமாகத் தொடங்க வேண்டாம்.