பொன்னியின் செல்வன் ஒன்றா, அஞ்சா?

கல்லடியான்:
நேற்று ராத்திரி நம்மட வாசிப்புக் குழுப் பட்டியலப் பார்த்துச் சிரிச்சதில தேத்தண்ணி மூக்கால வந்திட்டு. தை மாசம் என்ன பேசினம்? வருசத்துக்கு 12 பழைய நாவல், மாசம் ஒன்று, கடைசியில நிக்கிறவர் எல்லாருக்கும் தயிர்ச்சட்டி வாங்கணும். ஆடிக்குக் குடுத்தது பொன்னியின் செல்வன். அக்கரைப்பற்று நானா அத வாசிச்சிட்டு 'அஞ்சு' என்டு போட்டிருக்கார். கார்த்திகை வரைக்கும் கணக்கு முடிஞ்சிட்டாம்! நாங்க மாங்கு மாங்கென்டு வாசிக்க, அவர் கால நீட்டிப் படுப்பாராம். அது ஒரு நாவல். ஒன்று.

அக்கரைப்பற்று நானா:
அஞ்சு அட்டை, அஞ்சு பேர். புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம். லைப்ரரியில அஞ்சு தரம் திகதி குத்தித் தந்தவங்க. ஒரு நாவலுக்கு அஞ்சு தரம் குத்துவாங்களா?

கல்லடியான்:
சீல் குத்தினதெல்லாம் நாவலென்டா என்ட பாஸ்போர்ட்டும் நாவல்தான். கல்கி அத 1950 ஐப்பசியில தொடங்கி 1954 வைகாசி வரைக்கும் ஒரே தொடராத்தான் எழுதினவர். முதல் பாகம் முழுக்க வாசிச்சாலும் வளர்ந்த பொன்னியின் செல்வர நேரில காணேலாது. ரெண்டாம் பாகத்திலதான் ஆள் வாறார், அதுவும் இலங்கையில. கதாநாயகனே வராத ஒன்ற முழு நாவலென்டு கணக்குப் போட்ட ஒரே ஆள் நம்மட நானாதான். ஒன்று!

களுவாஞ்சிக்குடி டீச்சர்:
நாவலென்டா என்ன, பாகமென்டா என்ன என்டு முதல்ல ஒரு முடிவுக்கு வந்தா நல்லமில்லையா?

கல்லடியான்:
டீச்சர், வகுப்ப மறுகா எடுப்பம். ஒன்றா அஞ்சா, அதச் சொல்லுங்க.

அக்கரைப்பற்று நானா:
மொத்தம் 293 அத்தியாயம் தம்பி. கடைசிப் பாகம் மட்டும் 91. நீங்க மாசியில கமலாம்பாள் சரித்திரத்த ரெண்டு நாளில முடிச்சிட்டு, "மூளை களைச்சுப் போச்சு, ஒரு கிழமை ஓய்வு" என்டு எழுதின ஆள். அதுவும் ஒன்று, இதுவும் ஒன்றா?

கல்லடியான்:
பக்கத்த நிறுக்கிறதென்டா நெல்லுத் தராசு கொண்டு வாங்க. மார்கழிக்கு டால்ஸ்டாயின் போரும் அமைதியும் இரிக்கி. நாலு பாகம், பின்னுரை வேற. அதுக்கு எத்தனை போடுவீங்க, நாலரையா?

அக்கரைப்பற்று நானா:
நாலு. பின்னுரைய நான் வாசிக்க மாட்டன்.

படுவான்கரைப் பிள்ளை:
சண்டை பிடிக்கிறதும் அங்கால புத்தகத்துக்கு! திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளை மோகனாங்கிய வெளியிட்டது 1895இல. கல்கி பிறந்ததே 1899. சரித்திர நாவலுக்கு வழி வெட்டினது கிழக்கு மண். நம்மட பட்டியலில அது இல்ல. வெட்கம்.

ஒலுவில் வாசகி:
அப்ப சித்திலெப்பையின் அசன்பே சரித்திரம்? 1885. அதுக்கும் பத்து வருசம் முதல். அத ஏன் ஒருத்தரும் கதைக்கிறல்ல?

படுவான்கரைப் பிள்ளை:
அவர் கண்டிக்காரர். நான் கிழக்கத்தான் சொன்னன்.

ஒலுவில் வாசகி:
மோகனாங்கி அச்சானது சென்னையில. கதை நடக்கிறது நாயக்கர் நாட்டில. பெரிய கிழக்கு!

கல்லடியான்:
ரெண்டு பேரும் வேற திண்ணைக்குப் போங்க. இஞ்ச நடக்கிறது தயிர்ச்சட்டி விசயம். நானா அஞ்சு போட்டா கடைசியில நிக்கிறது நான். கணக்கெல்லாம் போட்டுப் பார்த்திட்டன். ஒன்று, ஒன்று, ஒன்று.

அக்கரைப்பற்று நானா:
சொல்ல வேணாமென்டுதான் இருந்தன். என்ட சொந்தச் சுழற்காற்று ரெண்டு வருசமா யார்ர வீட்டில கிடக்கு? அது இல்லாததாலதான் நான் லைப்ரரிக்கு அலைஞ்சன். அங்க உள்ள பிரதியில முதல் பக்கத்திலயே ஆரோ பென்சிலால "நந்தினிய நம்பாத" என்டு எழுதி வெச்சிருக்கான், கீழ ரெண்டு கோடும் போட்டு. இளவரசர் வாற பாகத்தப் பிடிச்சு வெச்சிக்கிட்டு எனக்குக் கணக்குச் சொல்லித் தாறீங்க.

கல்லடியான்:
தருவன் நானா. ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு கதையா?

அக்கரைப்பற்று நானா:
ஆ! சுழற்காற்று 'ஒரு புத்தகம்'. எல்லாரும் பார்த்துக்கங்க, அவர்ர வாயாலயே வந்திட்டு.

கல்லடியான்:
புத்தகம் வேற, நாவல் வேற!

களுவாஞ்சிக்குடி டீச்சர்:
அதத்தானே நான் முதல்லயே கேட்டன்.

கல்லடியான்:
டீச்சர் நடுவால வராதீங்க. நானா, உங்கட புத்தகம் பத்திரமா இரிக்கி, அட்டையில ஒள்ளுப்பம் மீனாணம் பட்டிருக்கி, அவ்வளவுதான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

அக்கரைப்பற்று நானா:
மீனாணமா?!

ஒலுவில் வாசகி:
ஆவணி நாவல ஆராவது தொடங்கிட்டீங்களா?

கல்லடியான்:
முதல்ல இத முடிப்பம் தங்கச்சி. ஒன்று.