அக்காவுக்கு அதிக ரத்தப்போக்கு: உள்ளே சுடுவதா, கர்ப்பப்பையை எடுப்பதா?

பிறை_தங்கை எழுதியது:

வணக்கம். அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 42. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். இரண்டாவது சிசேரியனிலேயே கருக்குழாயும் கட்டியாச்சு. ஒன்றரை வருஷமா மாதவிடாய் 9, 10 நாள் நிற்காமல் போகுது. முதல் மூணு நாள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பேட் நனையுது, ஐம்பது சென் காசு அளவுக்குக் கட்டி கட்டியா விழுது.

உள்வழி ஸ்கேனில் சொன்னது: கர்ப்பப்பை 10 வாரக் கர்ப்பத்தில் இருக்கிற அளவு, பின்சுவர் தடிச்சு அடினோமயோசிஸ் (உள்படலத் திசு தசைச்சுவருக்குள்ள வளர்றது), 2 செ.மீ. ஃபைப்ராய்டு கட்டி ஒண்ணு சுவருக்குள்ள இருக்கு, உள் அறையைத் தொடலை. உள்படலத்தில் எடுத்த பயாப்ஸி நார்மல். ஹீமோகுளோபின் 7.9, ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புக் கையிருப்பு) 6. ரத்தப்போக்கைக் குறைக்கிற டிரானெக்சாமிக் மாத்திரை நாலு மாசம் சாப்பிட்டதில் பாதிதான் குறைஞ்சது. கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஹார்மோன் சாதனம் மிரேனா வைத்தாங்க, இரண்டு மாசத்தில் தானா வெளியே வந்துடுச்சு.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் தனியார் டாக்டர் அப்லேஷன் (உள்ளே சுடுகிற முறை) செய்யலாம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்கிறார். அரசாங்க ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட் கர்ப்பப்பையை எடுத்துடுங்க என்கிறார். அம்மாவுக்குப் பயம்: "பையை எடுத்தா உடம்பு ஊதிடும், சீக்கிரம் வயசாயிடும்." எதை நம்புவது?

வார்டு_மிஸ்ஸி எழுதியது:

தங்கச்சி, இரண்டு டாக்டரும் பொய் சொல்லலை. ஆனா அப்லேஷன் யாருக்கு நல்லா வேலை செய்யும், யாருக்குச் செய்யாது என்கிறது ஸ்கேன் ரிப்போர்ட்டிலேயே இருக்கு. உங்க அக்கா ரிப்போர்ட் "செய்யாது" பக்கம்தான் சாயுது.

அப்லேஷன்னா கர்ப்பப்பையின் உள்படலத்தைச் சூட்டால் அழிக்கிறது. ரேடியோ அலை வலை விரிக்கிற முறையில் சுடுகிற நேரம் ஒன்றரை, இரண்டு நிமிஷம்தான். சூடான பலூன் முறையும் உண்டு. வெட்டு இல்லை, தையல் இல்லை. இரண்டு மூணு வாரம் தண்ணி மாதிரிக் கசியும், அவ்வளவுதான். ரத்தப்போக்குக்கு வேற காரணம் எதுவும் இல்லாம, உள் அறை ஒழுங்கா, 10 செ.மீ.க்கு மேல நீளம் போகாம இருக்கிறவங்களுக்கு இது ரொம்ப நல்ல வழி. அதிலும் எல்லாருக்கும் மாதவிடாய் முழுசா நின்னுடாது. குறையும் என்கிறதுதான் இலக்கு.

அடினோமயோசிஸ்ல பிரச்சினையே வேற. உள்படலத் திசு தசைக்குள்ள ஆழமா இறங்கி உட்கார்ந்திருக்கும். சூடு சில மில்லிமீட்டர்தான் இறங்கும். மேல கருகிடும், அடியில இருக்கிறது அப்படியே மாசா மாசம் ரத்தம் விடும். மேல தழும்பு மூடிக்கிட்டதால அந்த ரத்தம் வெளியே வர வழி இல்லாம உள்ளே தேங்கி மாசா மாசம் வலிக்கும்.

இரண்டாவது, கருக்குழாய் கட்டினது. கர்ப்பப்பையின் இரண்டு மூலையிலும் கொஞ்சம் உள்படலம் தப்பிச்சுட்டா, ரத்தம் கட்டின குழாய்க்குள்ள தள்ளப்பட்டுக் குழாய் வீங்கும். இடுப்புல ஒரு பக்கம் சுருக்குனு குத்துற வலி வரும். பலருக்கு இது வருஷங்கள் கழிச்சுதான் வருது, அப்போ யாரும் அப்லேஷனை நினைச்சுப் பார்க்கிறதில்லை. இதுக்குக் கடைசியில கர்ப்பப்பையோட குழாயையும் எடுக்கத்தான் வேண்டியிருக்கும்.

மூணாவது, வயசு. 45க்குக் கீழே செய்தவங்களுக்கு மாதவிடாய் நிற்க இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கு, படலம் திரும்ப வளர நேரம் இருக்கு. பொதுவா அப்லேஷன் செய்தவங்களில் சுமார் ஐந்தில் ஒருத்தர் பின்னாடி கர்ப்பப்பையை எடுக்கிறாங்க. உங்க அக்கா மாதிரி மூணு காரணமும் சேர்ந்தவங்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். சிசேரியன் தழும்பு இருக்கிற இடத்துல சுவர் எவ்வளவு தடிப்பு என்று அளந்தாங்களா என்றும் கேளுங்க. மெல்லிசா இருந்தா சூடு மூத்திரப்பை வரைக்கும் போகலாம்.

அந்தத் தனியார் டாக்டரிடம் ஒரே கேள்வி கேளுங்க: "அடினோமயோசிஸும் குழாய் கட்டினதும் தெரிஞ்சும் ஏன் அப்லேஷன்?" பதில் தெளிவா இல்லைன்னா பணத்தை அங்கே போடாதீங்க.

கேஎல்_தியேட்டர் எழுதியது:

மிஸ்ஸி சொன்னது சரி. கர்ப்பப்பையை எடுக்கிற பக்கத்தை நான் சொல்கிறேன். "எடுத்துடுங்க" என்று ஒரே வார்த்தையில் சொன்னால் போதாது. எந்த வழியாக, எதை எடுத்து எதை விடுவது, இரண்டையும் எழுதி வைத்துக் கேளுங்கள்.

வழி மூன்று. பிறப்புறுப்பு வழியாக எடுத்தால் வயிற்றில் வெட்டே இல்லை, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனால் சுகப்பிரசவம் ஆகாதவர்களுக்குக் கர்ப்பப்பை பெரும்பாலும் கீழே இறங்கி வராது, இடமும் குறுகல். லேப்ரோஸ்கோப்பி என்றால் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் துளைகள் மூன்று நான்கு, ஆஸ்பத்திரியில் ஒன்றிரண்டு நாள், வேலைக்குத் திரும்ப நான்கிலிருந்து ஆறு வாரம். வயிற்றைத் திறந்து செய்தால் மூன்றிலிருந்து ஐந்து நாள், ஆறிலிருந்து எட்டு வாரம். 10 வார அளவு கர்ப்பப்பைக்கு லேப்ரோஸ்கோப்பி தாராளமாகப் போதும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு சிசேரியனுக்குப் பிறகு மூத்திரப்பை கர்ப்பப்பையின் முன்சுவரில் பழைய தழும்போடு ஒட்டியிருக்கும். அதைப் பிரித்து இறக்கும்போதுதான் மூத்திரப்பை கிழியலாம். அப்போதே கண்டுபிடித்துத் தைத்துவிட்டால் பத்து நாள் மூத்திரக்குழாய் இருந்தால் ஆறிவிடும். கண்டுபிடிக்காமல் விட்டதுதான் ஒன்றிரண்டு வாரம் கழித்து மூத்திரக் கசிவாக வந்து நிற்கும். வயிற்றைத் திறந்து செய்யும் முறையில் மூத்திரப்பையோ சிறுநீரகக் குழாயோ காயப்படுவது பொதுவாக 1000 பேரில் 7 பேருக்கு. சிசேரியன் ஆனவர்களுக்கு இதைவிடக் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டியது: சிசேரியன் ஆனவர்களுக்கு லேப்ரோஸ்கோப்பியில் எத்தனை செய்திருக்கிறீர்கள், நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது எத்தனை தடவை, முடிந்ததும் மூத்திரப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பீர்களா. நல்ல சர்ஜன் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். மாதவிடாய் நிற்பதன் ஹார்மோன் மாற்றங்கள் சினைப்பையிலிருந்து வருபவை. கர்ப்பப்பை ஹார்மோன் பை இல்லை. 42 வயதில் சினைப்பை ஆரோக்கியமாக இருந்தால் இரண்டையும் அப்படியே விட வேண்டும். அதைக் கையெழுத்துப் போடும் ஒப்புதல் பாரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். விட்டாலும் மெனோபாஸ் கொஞ்சம் முன்கூட்டி வர வாய்ப்பு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் உடம்பு ஊதுவது பையை எடுத்ததால் இல்லை. பெரும்பாலும் ஆறு வாரம் படுத்தே இருந்து சாப்பிடுவதால். கருக்குழாய்கள் இரண்டையும் சேர்த்து எடுத்துவிடச் சொல்லுங்கள். கட்டிய குழாயால் இனி பயன் இல்லை, எடுப்பதால் பின்னாளில் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைகிறது. கர்ப்பப்பை வாயை விட்டுவிட்டால் அங்கே புற்றுநோய் வருகிறதா என்று பார்க்கும் பாப் ஸ்மியர் மாதிரிப் பரிசோதனையைத் தொடர வேண்டும், சிலருக்கு மாதாமாதம் சிறு கசிவும் இருக்கும்.

மருந்துக்கடை_அண்ணன் எழுதியது:

எந்த ஆபரேஷன் என்று சண்டை போடும் முன்னாடி அந்த 7.9ஐப் பாருங்க. இந்த அளவோடு திட்டமிட்ட ஆபரேஷனுக்கு மயக்க மருந்து டாக்டர் தள்ளிப்போடத்தான் சொல்வார். 10ஆவது இருக்கணும்.

ஃபெரிட்டின் 6 என்றால் கையிருப்பு காலி. ஐபெரெட் மாதிரி இரும்பு மாத்திரையை தினம் இரண்டு மூணு தடவை விழுங்குவதால் கூடுதலா ஏறாது. ஒரு வேளை இரும்பு போனதும் குடல் அடுத்த வேளையை உள்ளே விட மறுக்கும். தினம் ஒன்று, இல்லை ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்று, வெறும் வயிற்றில், ஆரஞ்சு ஜூஸோடு. தேத்தாரே, கோப்பி, பால், கால்சியம் எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளி. காலைப் பசியாறல் தேத்தண்ணியோடு இரும்பு மாத்திரை போடுவதுதான் நம்ம வீடுகளில் ஹீமோகுளோபின் ஏறாமல் போவதற்குப் பெரிய காரணம். ஒழுங்கா எடுத்தால் மூணு நாலு வாரத்தில் ஒன்று, இரண்டு கிராம் ஏறும். ஆனா மாசா மாசம் அதையும் கொட்டிக்கொண்டிருந்தால் ஏறாது. அதனால் டாக்டரிடம் நரம்பு வழியா இரும்பு ஏற்றக் கேளுங்க. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் 1000 மி.கி. ஒரே தடவையில் 15 நிமிஷத்தில் ஏற்றலாம். ஊசி நரம்பில் சரியா இருக்கா என்று நர்ஸ் பார்க்கணும், வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை நிரந்தரமா நிற்கும்.

இன்னொன்று. மலேசியாவில் தலசீமியா (பரம்பரை ரத்தக் குறைபாடு) மரபணுவை நோய் இல்லாமல் சுமக்கிறவங்க நிறைய. இரும்பு நிரம்பின பிறகும் எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) குறைவாவே இருந்தால் அதற்கான ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்க. இல்லைன்னா தேவையில்லாமல் இரும்பு சாப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க.

ஆபரேஷன் நாள் வரும் வரைக்கும் ரத்தத்தை நிறுத்தி வைக்கவும் வழி உண்டு: டாக்டர் மேற்பார்வையில் நோரெதிஸ்டெரோன் 5 மி.கி. மூணு வேளை, இல்லை மாசம் ஒரு ஹார்மோன் ஊசி மூணு மாசம். டிரானெக்சாமிக் என்றால் 500 மி.கி. இரண்டு மாத்திரை மூணு வேளை, அதிகம் போகும் நாட்களில் மட்டும், நாலு நாளுக்கு மேல் வேண்டாம். காலில் ரத்தம் உறைந்த சரித்திரம் இருந்தால் தொடவே வேண்டாம். ஜாமு, ஜின்செங், ஜிங்கோ எதுவா இருந்தாலும் ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திட்டு, சாப்பிட்டதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்க.

பிறை_தங்கை எழுதியது:

மூணு பேருக்கும் நன்றி. அக்கா இதை எல்லாம் படிச்சாங்க. இரண்டு கேள்வி மட்டும்: கர்ப்பப்பைக்குப் போகிற ரத்தக்குழாயை அடைக்கிற முறை அடினோமயோசிஸுக்கு ஆகுமா? மிரேனாவை இன்னொரு தடவை வைத்துப் பார்க்கலாமா? அப்புறம் அக்கா ஃபேக்டரியில் வேலை, ஆறு வாரம் லீவு எப்படி என்று பயப்படுறாங்க.

வார்டு_மிஸ்ஸி எழுதியது:

மிரேனாவை இன்னொரு தடவை வைக்கலாம், நான் அதைத் தள்ளிவிட மாட்டேன். பெருத்த கர்ப்பப்பை சுருங்கும்போது அதைத் தள்ளிவிடுது, அதனாலதான் விழுந்தது. ஹார்மோன் ஊசி மூணு மாசம் போட்டுப் பையைச் சுருக்கிட்டு, ஸ்கேன் பார்த்துக்கிட்டே வைத்தா நிற்க வாய்ப்பு கூடும். எப்படியும் ஹீமோகுளோபின் ஏறக் கொஞ்ச காலம் வேணும், அந்த நேரத்தை இதுக்குப் பயன்படுத்தலாம். விழுந்தா நஷ்டம் பெரிசில்லை.

ரத்தக்குழாய் அடைப்பை ரேடியாலஜிஸ்ட் தொடை வழியாவோ மணிக்கட்டு வழியாவோ மெல்லிய குழாய் விட்டுச் செய்வார். ஃபைப்ராய்டுக்கு இது நல்லா வேலை செய்யும். அடினோமயோசிஸுக்கும் குறையுது, ஆனா திரும்ப வருவது கூடுதல். முதல் 24 மணி நேர வலி கடுமையா இருக்கும், மார்ஃபின் தேவைப்படும். ஒரு வாரம் காய்ச்சல், குமட்டலும் வரலாம். கத்தியே வேண்டாம் என்கிறவங்களுக்கு இது ஒரு வழி.

மருந்துக்கடை_அண்ணன் எழுதியது:

லீவு விஷயம்: வேலைச் சட்டப்படி ஆஸ்பத்திரிச் சேர்க்கைக்கு வருஷம் 60 நாள் சம்பளத்தோட லீவு உண்டு. 2023 ஜனவரியிலிருந்து அது சாதாரண எம்சியோடு (டாக்டர் சான்றிதழ் லீவு) சேராமல் தனியா. டிஸ்சார்ஜ் ஆன பிறகு கொடுக்கிற எம்சியையும் ஆபரேஷன் தொடர்பானது என்று டாக்டரை எழுதச் சொல்லுங்க. ஃபேக்டரியில் அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்துடுங்க.

தனியார் என்றால் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்க. கர்ப்பப்பை, கட்டி சம்பந்தமான நோய்களுக்குப் பெரும்பாலும் 120 நாள் காத்திருப்பு உண்டு. புதுசா எடுத்த பாலிசியில் பழைய நோயை மறைத்தால், செலவை இன்சூரன்ஸ் ஏற்கும் என்கிற கேரண்டி லெட்டர் கிடைக்காது. அரசாங்க வழி என்றால் முதலில் கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்கச் சுகாதார கிளினிக்), அங்கிருந்து ரெஃபரல் லெட்டரோடு ஸ்பெஷலிஸ்ட் கிளினிக், கட்டணம் ரொம்பக் குறைவு. வரிசைதான் நீளம்.

கேஎல்_தியேட்டர் எழுதியது:

ஆபரேஷனுக்குப் பிறகு: ஆறு வாரம் 5 கிலோ அரிசி மூட்டைக்கு மேல் தூக்க வேண்டாம், கேஸ் தோங்கை (சிலிண்டரை) தொடவே வேண்டாம். தாம்பத்தியம் எட்டு வாரத்துக்குப் பிறகுதான், உள்ளே தைத்த இடம் பிரிந்து போகலாம். மறுநாளே எழுந்து நடக்கணும், கால் நரம்பில் ரத்தம் உறையாமல் இருக்க அதுதான் மருந்து. பத்தியம் என்று வெறும் கஞ்சி மட்டும் கொடுக்காதீங்க. முட்டை, மீன், பருப்பு இருந்தால்தான் தையல் ஆறும்.

பத்தாம் நாள் வாக்கில் கொஞ்சம் ரத்தக் கசிவு வந்தால் பயப்பட வேண்டாம், உள்தையல் கரைவதால் வருவது. 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு மணி நேரத்தில் பேட் நனைவது, ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, மூத்திரம் தானாகக் கசிவது, முதுகின் ஒரு பக்கம் விடாத வலி என்றால் அப்பாயின்ட்மென்ட் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போகணும். ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் இந்த நாட்களிலும் அப்படித்தான்: இரண்டு மணி நேரம் தொடர்ந்து மணிக்கு ஒரு பேட் நனைந்து தலை சுற்றினால் அடுத்த நாள் பார்க்கலாம் என்று விடாதீங்க. 7.9ல் அக்காவுக்கு இழக்க மீதி ரத்தம் அதிகம் இல்லை.