லாயத்தில் விட்ட குதிரை: ஆலோசனை சொல்லுங்கள்

வணக்கம். காட்பாடி பக்கம் ஒரு லாயத்தில் என் குதிரையை மாதக் கட்டணத்துக்கு விட்டிருக்கிறேன். சென்ற வாரம் போனபோது முதுகில் சேணம் உராய்ந்த புண். வியர்வை உப்பு வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. என்னைக் கேட்காமல் யாரோ சவாரி செய்திருக்கிறார்கள். பராமரிக்கும் அண்ணன் மீது கோபமில்லை. தீனி, தண்ணீரில் அவர் ஒருநாளும் குறை வைத்ததில்லை. முதலாளி சொன்னால் அவர் என்ன செய்வார்?

நாளை குதிரைக்கு வயிற்றுவலி வந்தாலும் மறைத்துவிடுவார்களோ என்றுதான் பயம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் வயிற்றுவலியில் சில மணி நேரத் தாமதமே உயிரைப் பறித்துவிடலாம்.

லாயத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டவர்கள் இருக்கிறீர்களா? சவாரி அனுமதி, மருத்துவரை அழைக்கும் பொறுப்பு, அவசரச் செலவு இவற்றை எப்படி எழுதினீர்கள்? குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கம் நம்பகமான லாயம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.