சமையலறைச் சுவரை இடித்துவிட்டு ஒப்பந்ததாரர் வரவில்லை. வீட்டின் மீது உரிமை கோரும் கடிதமும் வந்துவிட்டது

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மதுரையிலிருந்து இங்கே வந்து 14 மாதங்கள் ஆகின்றன. பழைய வீடு ஒன்றை வாங்கி, சமையலறையைப் புதுப்பிக்க ஒருவரை அமர்த்தினோம். 46,000 டாலருக்குப் பேசி முடித்து, கையெழுத்திட்ட அன்றே 12,000 டாலர் கொடுத்தோம். அவர் இரண்டு நாட்களில் பழைய கேபினட்டுகளைக் கழற்றி, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரையும் இடித்துவிட்டுப் போனவர்தான். 23 நாட்களாகத் "திங்கட்கிழமை வருகிறேன்" என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது. நேற்று, நான் பெயரே கேட்டிராத ஒரு கேபினட் நிறுவனத்திடமிருந்து பதிவுத் தபால் வந்தது. ஒப்பந்ததாரருக்கு நாங்கள் முழுப் பணத்தையும் கொடுத்திருந்தாலும், அவர் அவர்களுக்குப் பணம் தராவிட்டால் எங்கள் வீட்டின் மீது உரிமை கோர முடியும் என்று அதில் எழுதியிருக்கிறது. கணவர் விசா முத்திரைக்காகச் சென்னை சென்று அங்கேயே காத்திருக்கிறார். நானும் மாமியாரும் ஐந்து வயது மகளும் கூடத்தில் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துச் சமைத்துச் சாப்பிடுகிறோம். வீடு கையைவிட்டுப் போய்விடுமா? முறையான உரிமம் உள்ள வேறொருவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

டாலஸ்வாசி:
சகோதரி, முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். எங்கள் டெக்சாஸில் வீடு கட்டும் பொது ஒப்பந்ததாரருக்கு மாநில உரிமம் என்ற ஒன்றே கிடையாது. பிளம்பருக்கு உண்டு, எலக்ட்ரீஷியனுக்கு உண்டு. மொத்த வேலையையும் எடுத்துச் செய்பவருக்கு இல்லை. ஆகவே உரிமத்தைத் தேடி நேரத்தை வீணாக்காமல், இன்றே பூட்டை மாற்றிவிட்டு வேறு ஆளை அழைத்து வேலையை முடியுங்கள். நாங்கள் 2019 இல் வந்தபோது முதல் மூன்று மாதங்கள் காற்று மெத்தையில்தான் படுத்தோம். வாங்கிய வீட்டின் கூரையை ஆலங்கட்டி மழை பதம் பார்த்த மறுநாளே நான்கு பேர் கதவைத் தட்டி, காப்பீட்டில் நாம் கட்ட வேண்டிய பங்கைத் தாங்களே விட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அப்படி விட்டுத் தருவதே அந்த ஆண்டு முதல் சட்டப்படி குற்றம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஸ்காபரோ அண்ணை:
தங்கச்சி, பயப்படாதேயுங்கோ. எங்களிடத்தில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஒவ்வொரு முறை காசு கொடுக்கும்போதும் பத்து வீதத்தைப் பிடித்து வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வேலை முடிந்து 60 நாட்கள் கழிந்து, ஒருவரும் உரிமை கோரவில்லை என்று உறுதியான பிறகே அந்தக் காசை விட வேண்டும். நீங்கள் அதைப் பிடித்து வைத்தீர்களா? புதுப்பித்தல் வேலை செய்பவருக்கு ரொறன்ரோ மாநகராட்சியே உரிமம் கொடுக்கிறது, அதையும் பாருங்கோ. நான் 1994 இல் வந்து நிலக்கீழ் அறையில் இருந்தபோது, மேலே வீட்டுக்காரர் குளியலறையை உடைத்துப் போட்டுவிட்டு, ஒரு பனிக்காலம் முழுதும் என்னைக் கோப்பிக் கடைக்கு அனுப்பித்தான் முகம் கழுவ வைத்தார். என்னைக் கேட்டால், அந்த கேபினட் நிறுவனத்துக்கு நேரடியாகக் காசைக் கட்டி விஷயத்தை முடியுங்கோ.

நெய்வேலிக்காரன்:
நேரடியாகக் கட்டுவதா? ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் கொடுக்கச் சொல்கிறீர்களே, அண்ணா! உண்மையான கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. நம்மவர்கள் ஆள் பிடிப்பது வாட்ஸ்அப் குழுவில்தான். "என் வீட்டுக்குச் செய்தார், தங்கமான மனிதர்" என்று ஒருவர் எழுதுவார். அவர் வீட்டில் செய்தது ஒரு குழாய் மாற்றிய வேலையாக இருக்கும். ஊரில் மேஸ்திரி வராவிட்டால் டீக்கடையில் போய்ப் பிடித்துவிடலாம். இங்கே குரலஞ்சல் நிரம்பிவிட்டது என்று ஓர் இயந்திரம் சொல்கிறது.

டாலஸ்வாசி:
மேஸ்திரியாவது மாலையில் கூலி வாங்கவாவது வருவார். இங்கே முன்பணம் வாங்கியவர்கள் அடுத்த வீட்டு முன்பணத்தில்தான் நம் வீட்டு வேலையைச் செய்கிறார்கள். எங்கள் தெருவில் இப்படியே மூன்று வீடுகள் பாதியில் நின்றன.

அளவுநாடா:
சற்றுப் பொறுங்கள். அந்தச் சகோதரி எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்பதையே ஒருவரும் கேட்கவில்லை. டெக்சாஸ் சட்டமும் ஒன்ராறியோ சட்டமும் அவருக்குப் பயன்படுமா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். அம்மா, நான்கு விவரங்கள் வேண்டும். எந்த ஊர்? ஒப்பந்தத் தாளில் உரிம எண் அச்சிடப்பட்டிருக்கிறதா? இந்த வேலைக்கு நகராட்சியில் பெர்மிட் வாங்கப்பட்டதா, வாங்கியிருந்தால் யார் பெயரில்? இடித்த சுவருக்கு மேலே இப்போது என்ன இருக்கிறது, அதற்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்களா?

வைகைக்கரை:
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதாமல் விட்டுவிட்டேன். கலிபோர்னியா, ஃப்ரீமான்ட். வீடு 1958 இல் கட்டப்பட்டது. கணவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத் தாள் அவருடைய மின்னஞ்சலில் இருந்தது, இப்போதுதான் அனுப்பினார். அதில் உரிம எண் இருக்கிறது. பெர்மிட் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை. மேலே பரண்தான் இருக்கிறது. முட்டு என்று எதுவும் இல்லை. சென்ற வாரத்திலிருந்து கூரைப் பலகையில் நூல் போல ஒரு கோடு தெரிகிறது; தூசி என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை.

அளவுநாடா:
கடிதத்தை ஓரமாக வையுங்கள், அதற்குப் பிறகு வருகிறேன். அது கூரையைத் தாங்கிய சுவராக இருக்கலாம். இன்றிரவு அந்தக் கோட்டுக்கு அடியில் யாரும் உட்காரவோ படுக்கவோ வேண்டாம். அடுப்பைக் கூடத்தின் மறுகோடிக்கு மாற்றிவிடுங்கள், பரணில் பெட்டிகள் இருந்தாலும் நீங்களாக ஏறி இறக்காதீர்கள். காலையில் உரிமம் பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1978 க்கு முன் கட்டிய வீடு என்பதால் பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். குழந்தையை இடிபாட்டுத் தூசியின் பக்கம் விட வேண்டாம், துடைப்பத்தால் உலர்ந்தபடி பெருக்கவும் வேண்டாம், ஈரத் துணியால் துடையுங்கள்.

இனி உரிமத்துக்கு வருவோம். கலிபோர்னியாவில் மாநில ஒப்பந்ததாரர் உரிம வாரியத்தின் தளத்தில் அந்த எண்ணை இட்டால், அது நடப்பில் உள்ளதா, எந்த வகை, 25,000 டாலர் பிணைப் பத்திரம் உள்ளதா, தொழிலாளர் காப்பீடு உள்ளதா என்பவை எல்லாம் தெரியும். உரிமம் இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல், எந்த வகை என்பதைப் பார்த்து எழுதுங்கள்.

வைகைக்கரை:
பார்த்தேன். நடப்பில் உள்ளது என்றுதான் இருக்கிறது. வகை பி-2. ஊழியர் எவரும் இல்லாததால் தொழிலாளர் காப்பீட்டிலிருந்து விலக்கு என்று எழுதியிருக்கிறது. ஆனால் இடிக்க மூன்று பேரை அழைத்து வந்தாரே?

அளவுநாடா:
பி என்பது முழுமையான பொதுக் கட்டட உரிமம். பி-2 என்பது வீடுகளைப் புதுப்பிப்பதற்காகப் பின்னாளில் வந்த வகை. பாரம் தாங்கும் சுவரைத் தொட அதற்கு அனுமதி இல்லை. ஊழியரே இல்லை என்று வாரியத்திடம் எழுதிக் கொடுத்தவர் மூன்று பேரை அழைத்து வந்திருந்தால், அவர்களில் ஒருவருக்கு அடிபட்டிருந்தாலும் பொறுப்பு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கும். முன்பணமும் தவறு: இங்கே வீட்டுப் புதுப்பித்தல் வேலைக்கு ஒப்பந்தத் தொகையில் பத்து விழுக்காடு, அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. தனிப் பிணை வைத்திருக்கும் சில நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்கள் 46,000 டாலர் வேலைக்கு அவர் வாங்கியிருக்க வேண்டியது 1,000 மட்டுமே.

டாலஸ்வாசி சொன்னபடி இன்றே பூட்டை மாற்றி அடுத்தவரை இறக்காதீர்கள். ஒப்பந்தத்தை முறித்தது நீங்கள்தான் என்று பிறகு அவர் வாதிட வழி ஏற்படும். வேலை நின்ற நாள், கொடுத்த பணம், குறிப்பிட்ட நாளுக்குள் அவர் வந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது ஆகியவற்றை எழுதிப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கையெழுத்திட்டவர் கணவர் என்பதால் அவர் பெயரிலேயே போகட்டும்.

நெய்வேலிக்காரன்:
இப்படிப் பதிவுத் தபால், வாரியத்தில் புகார் என்று போனால் அவர் அதோடு தொலைபேசியையே எடுக்க மாட்டார். கொஞ்சம் தட்டிக் கொடுத்து வேலை வாங்குவது நல்லது என்பது என் அனுபவம்.

அளவுநாடா:
சுவர் நின்றிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பெர்மிட் இல்லாமல் பாரச் சுவரை எடுத்தவரைத் தட்டிக் கொடுத்து என்ன வேலை வாங்குவது?

தபாலைப் பற்றி: அது நீதிமன்ற அறிவிப்பு அன்று. பொருள் கொடுப்பவர்களும் துணை ஒப்பந்ததாரர்களும், தங்கள் லியன் உரிமையை, அதாவது பாக்கிக்காக வீட்டின் மீது கோரும் உரிமையைக் காத்துக்கொள்ள, பொருள் கொடுக்கத் தொடங்கிய 20 நாட்களுக்குள் அனுப்பும் முன்னறிவிப்பு. வீடு கையைவிட்டுப் போகவில்லை. அந்த நிறுவனத்தை அழைத்து, கேபினட்டுகள் எங்கே இருக்கின்றன, எவ்வளவு பாக்கி என்று மட்டும் கேளுங்கள். பணம் தருவதாக வாக்குக் கொடுக்க வேண்டாம். இனி யாருக்குப் பணம் கொடுத்தாலும் ஒப்பந்ததாரர், பொருள் கொடுத்தவர் இருவர் பெயரிலும் கூட்டாக ஒரே காசோலை எழுதி, லியன் உரிமையை விட்டுக்கொடுக்கும் கையெழுத்துப் படிவத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த 12,000 டாலரைப் பொறுத்தவரை, சிறு வழக்கு நீதிமன்றத்தில் தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம் என்பதால், வழக்கறிஞர் இல்லாமலே நீங்கள் கேட்க முடியும்.

வைகைக்கரை:
பொறியாளர் இன்று காலை வந்தார். சுவர் பாரம் தாங்கியதுதான் என்றார். மதியத்துக்குள் ஆள் அனுப்பித் தற்காலிகமாக நான்கு முட்டுகள் நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு நடுவில் பந்தக்கால் நட்டுவிட்டார்களே என்கிறார் மாமியார். கேபினட்டுகள் இன்னும் அந்த நிறுவனத்தின் கிடங்கிலேயே இருக்கின்றனவாம். எங்கள் வீட்டுக்கு எதுவும் அனுப்பப்படவில்லை. கடிதத்தைக் கணவர் இன்றிரவு அனுப்புகிறார். நகராட்சியில் பேசியபோது, முகவரியில் எந்தப் பெர்மிட்டும் இல்லை என்று சொல்லி, புதன்கிழமை ஆய்வாளரை அனுப்புவதாகச் சொன்னார்கள். பெர்மிட்டை வீட்டு உரிமையாளர் பெயரிலேயே எடுத்துவிடலாம், சுலபம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். எடுக்கலாமா?

அளவுநாடா:
வேண்டாம். அப்படி எடுத்தால் கட்டுபவர் நீங்களே என்று பொருள். வேலையின் குறைகளும் தொழிலாளர் பொறுப்பும் உங்கள் தலையில் வரும். பி உரிமம் உள்ள புதியவர் பொறியாளரின் வரைபடத்தோடு தம் பெயரில் எடுக்கட்டும். மூன்று பேரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, உரிம எண்களை இங்கே இடாமல் வாரியத் தளத்தில் பார்த்துவிட்டு, வகையையும் காப்பீட்டு நிலையையும் மட்டும் எழுதுங்கள். ஆய்வாளர் வரும்போது முட்டுகளை யாரும் நகர்த்தியிருக்கக் கூடாது, கேபினட் நிறுவனத்தின் தபால் உறையையும் எறிந்துவிடாதீர்கள்.